குருவிக் கூட்டுக்கு முதல் பரிசு

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் தாவீதுக்குக் காணும் பொங்கல் என்றாலே தலைவலி. அன்றைக்குத்தான் அவர் ஊர் ஏரிக்கரையில் இளைஞர் மன்றம் ஒரு போட்டி நடத்துகிறது. மண்ணிலோ மரத்திலோ தானாகக் கிடைத்த பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மனிதர் கை அதைச் செதுக்கியிருக்கக் கூடாது, சாயம் பூசியிருக்கக் கூடாது. எது அதிசயமாக இருக்கிறதோ அதற்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஊரின் இரண்டு தெருவுக்கும் பொதுவான ஆள் என்று சொல்லி அவரை நடுவராக்கினார்கள். ஒரு தடவைதானே என்று தலையாட்டினார். அதோடு மாட்டிக்கொண்டார்.

முதல் வருஷமே ஒருவர் மாமல்லபுரத்துக் கடையில் வாங்கிய சங்கை நீட்டி, ஏரியில் கிடைத்தது என்றார். இன்னொரு வருஷம் விண்கல் என்று கறுப்பாக ஒன்று வந்தது. இரும்பு உருக்கும் பட்டறையில் கொட்டிய கழிவு அது என்று தாவீது சொல்லிவிட்டார். கொண்டுவந்தவரின் குடும்பம் இரண்டு மாதம் அவர் ஆட்டோவில் ஏறவில்லை. மற்றவர்கள் ஏறினார்கள், அது இன்னும் மோசம். ஒரகடம் வரும்வரை பின் சீட்டில் அதே பேச்சு. வண்டி ஓட்டுகிறவர் எங்கே எழுந்து போவது?

இந்த வருஷம், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஐயனார், ஒரு வேப்ப வேருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். வேரின் முனை தும்பிக்கை மாதிரி வளைந்திருந்தது.

“புள்ளையாருண்ணா. தானா வந்துகீறாரு.”

தாவீது வேரைச் சுற்றி வந்து பார்த்தார். சாமிக்கு இரண்டாம் பரிசு கொடுக்க முடியுமா? அதுவும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற இவர்?

“நல்லாத்தாம்பா கீது. ஆனா சாமிய எதுக்குப் போட்டில வுட்ட?”

“மொத பரிசு குடுத்துட்டுப் போ. இன்னா இப்ப?”

பக்கத்தில் முத்துச்செல்வி நின்றிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். லீவு கிடைக்காததால் ஊருக்குப் போகவில்லை. அவள் கையில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. புல்லோடு புல்லாக, பெட்டிகளைக் கட்டும் நீலப் பிளாஸ்டிக் பட்டையின் இழைகள் அதில் பின்னப்பட்டிருந்தன. தாவீது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை.

“பிளாஸ்டிக்கு கீது பாரு! இது இயற்கையா?” என்றார் ஐயனார்.

“நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. குருவிதான் பின்னியிருக்கு. எங்க கம்பெனிக்குப் பின்னால ஈச்சமரத்தடியில விழுந்து கெடந்துச்சு.”

அவ்வளவுதான், ஊரே இரண்டாகப் பிரிந்தது. பட்டை மனிதர் செய்தது என்றார்கள் ஒரு பக்கம். கூடு குருவி கட்டியது என்றார்கள் மறுபக்கம். மன்றச் செயலாளர் சசிரேகா விதியை மூன்று முறை வாசித்தாள். மூன்று முறையும் இரு தரப்பும் கைதட்டின. வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் பொறுத்த தாவீது மைக்கைப் பிடுங்கினார்.

“போதும் நிறுத்துங்கப்பா! பட்டையத் தூக்கிப் போட்டது நாம. அத எடுத்துப் பின்னினது குருவி. குருவிக்கு மனுசக் கை கீதா? பரிசு அந்தப் பொண்ணுக்கு. புள்ளையார ஜட்ஜ் பண்ண நான் யாரு? அவரு போட்டிக்கு மேல. அடுத்த வருசம் வேற ஆளப் பாருங்க!”

மைக்கைச் சசிரேகாவிடம் திணித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயனார் சண்டைக்கு வருவார் என்று மனைவி கங்கம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

நான்கு நாள் கழித்து ஐயனார் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குழைவு.

“அண்ணா, போட்டிக்கு மேலன்னு சொன்ன பாரு, அது கரெக்டு. புள்ளையாருக்கு ஏரிக்கரையில சின்னதா ஒரு மேடை கட்றோம். வாலாஜாபாத்துலேர்ந்து செங்கல் எடுத்தாரணும். உன் வண்டி வேணும்.”

“ஷேர் ஆட்டோல செங்கலா? உனக்கு அறிவு கீதாடா?”

“நீதானண்ணா எல்லாருக்கும் பொதுவான ஆளு.”

தாவீது ஐந்து நிமிஷம் வாய் ஓயாமல் திட்டினார். ஐயனார் எல்லாவற்றுக்கும் “சரிண்ணா, சரிண்ணா” என்றார். பிறகு தாவீது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முணுமுணுத்தபடியே பின் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.