ஆணியில் தொங்கும் வால்வு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இது நடந்தது.

மூலனூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய வேன் என்னுடையது. எஞ்சின் அடிக்கடி கொதிக்கும், ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அப்படியென்றால் நடுவில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வு போச்சு என்று அர்த்தம். கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், அரை மணி நேரமாகியும் சனியன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், இந்த வெயிலுக்கு இது எதற்கு என்று வால்வு இல்லாமலே மூடிவிட்டு, அதை ஒரு கம்பியில் கோத்து வீட்டு ஆணியில் மாட்டினேன். அப்புறம் வேன் கொதிக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் மனைவி சுமதிக்குப் பிரசவ வலி எடுத்தது. பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. இறங்கி ரேடியேட்டரைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

"ஏனுங்க, நிறுத்தாதீங்க, என்னால முடியலீங்க!"

"பொறுத்துக்க சாமி, ரெண்டே நிமிசம்."

கை வெந்தாலும் வேகட்டும் என்று ஈரத்துணியைச் சுற்றி, வால்வு இருந்த இடத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே வால்வு இருந்தது. நம்பினால் நம்புங்கள், நான் கோத்த அதே கம்பியோடு இருந்தது. பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி எப்படியோ போய்ச் சேர்ந்தேன். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை முழுதாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"காலையில தானுங்க அந்த ஆணியில துண்டு போட்டேன், அங்கதான் தொங்குச்சு," என்றாள் சுமதி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணி காலி. வால்வைத் தூக்கி எறியப் பயமாக இருந்தது, அங்கேயே திரும்ப மாட்டினேன்.

பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. கொதிநீரிலேயே திறக்காத அந்த வால்வு, ஆணியில் சும்மா தொங்கியபடி மூன்று தடவை திறந்திருக்கிறது. மூன்று தடவையும் பொழுது சாய்வதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் அது மூடிக்கொள்ளும்.

இன்று காலையில் பார்த்தேன், இதுவரை இல்லாத அளவுக்கு அகலமாகத் திறந்திருக்கிறது. பாப்பா வாசலில் விளையாடுகிறாள். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ட்ரிப்புக்குப் போகாமல், வேனை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறேன்.