கிளி ஜோக்குக்கு மேலே இருந்த நாலு வரி

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. தலைவலி மாத்திரை வாங்கலாம் என்று பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பாமசிக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் செல்வராணி.

உங்களுக்குச் செல்வராணியைத் தெரியாது. வாராவாரம் பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியில் ஊரில் உள்ள எல்லாரையும் இழுத்திருக்கிறேன், அவளை மட்டும் இழுத்ததில்லை. நெருங்கினவர்களை எழுதிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கொள்கை. கெடுப்பதற்கு எழுத்துத்தான் வேண்டுமென்பதில்லை என்று இப்போது தெரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் ஒரே அறை. பிறகு மடுல்சீமைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இரண்டு பேருக்கும் முதல் நியமனம். மழை பெய்தால் பஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். மிச்சத் தூரத்தைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிபரைத் திட்டிக்கொண்டே நடப்போம். இப்போது நான் பதுளை டவுனில். அவள் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அவள் கணவர் அங்கே தோட்ட ஒபிஸில் கிளாக்கர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

பாமசிக்காரர் அவள் முன்னால் பஞ்சும், கட்டுத் துணியும், புண் கழுவுகிற மருந்துமாக அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன புள்ள, கடையையே வாங்கிட்டுப் போறியா? யாருக்கு இவ்வளவும்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அவருக்குத்தான். சுகமா இருக்கீங்களா டீச்சர்?"

டீச்சரா? பதினேழு வருஷமாக என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்ட வாய் அது. என் கல்யாண மேடையிலும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அண்ணனுக்கு என்ன?"

"உங்களுக்குத் தெரியும்தானே. பஸ் வந்துருச்சு... வர்றேன் டீச்சர்."

போய்விட்டாள். நான் மாத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எப்படித் தெரியும்? போனில் அவள் சொல்லவில்லை. நாங்கள் போனில் பேசியே ஏழெட்டு மாதம் இருக்கும். அப்படியானால்... மெயில்!

இந்த மெயில் கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி துபாய்க்கு வேலைக்குப் போனான். போன வேகத்தில் அக்காவுக்கு ஒரு லெப்டொப் அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து செல்வராணி எனக்குத் தினமும் மெயில் அனுப்பினாள். மெயில் என்றால் அவள் எழுதியது அல்ல. யாரோ யாருக்கோ அனுப்பியது, அவளுக்கு வந்து, அவளிடமிருந்து எனக்கு. ரோஜாப் பூவுக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை. எலுமிச்சம்பழத்தின் பத்துப் பயன்கள். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று மிரட்டும் சாமி படம். அப்புறம் ஜோக்குகள்.

முதல் ஒரு மாதம் ஆசையாகத் திறந்தேன். எங்கள் வீட்டு இன்டர்நெட் டெலிபோன் லைனில் ஓடுவது. ஒரு ரோஜாப் பூ முழுசாக இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் பெட்டியைத் திறப்பேன். செல்வராணியின் பெயர் உள்ளதையெல்லாம் டிக் பண்ணி, ஒரே தட்டில் அழித்துவிடுவேன். நீங்களும் அப்படித்தானே செய்கிறீர்கள்? சும்மா சொல்லுங்கள்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. தினமும் அவள் பெயர் வருகிறது. ஆகவே அவள் சுகமாக இருக்கிறாள். ஆகவே நான் போன் பண்ண வேண்டியதில்லை. பெயரைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி என்று எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

அழித்தது ஒரு மாதம் குப்பைத் தொட்டியில் கிடக்குமாம். என் மகன்தான் தோண்டிக் காட்டினான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இருபத்தைந்து, முப்பது. கடைசியில் ஒன்று. தலைப்பு: 'கிளி ஜோக் – வயிறு வலிக்கச் சிரியுங்கள்'.

கிளி கீழேதான் இருந்தது. மேலே நாலு வரி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாள்.

'அவருக்குக் கால் புண் பெரிசாகிட்டு. நாளைக்கு பதுளை ஆஸ்பத்திரில அட்மிட் பண்றோம். விரல் எடுக்கணும்னு சொல்றாங்க, பயமா இருக்கு. பக்கத்துல இருக்கிறவங்க வந்து பாருங்க.'

நடந்தது இதுதான். நாற்பது பேருக்கு ஒரே தடவையில் சொல்ல வேண்டும். நாற்பது பெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் புது மெயில் எழுத அவளுக்குத் தெரியாது. பழைய ஜோக் ஒன்றை எடுத்து, அதன் தலையில் எழுதி, வழக்கம்போல எல்லாருக்கும் தள்ளிவிட்டிருக்கிறாள். தலைப்பை மாற்றலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாற்பது பெயரையும் படித்துப் பார்த்தேன். துபாய், கொழும்பு, லண்டன், ஹட்டன்... பதுளையில் இருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போன வருஷமே கனடாவுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் அந்த நாலாவது வரி யாருக்கு? வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் முழுக் கனம் விளங்காது. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். பதுளை டவுனில் இப்படிப்பட்ட ஒவ்வொரு வீடும் யாராவது பத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு 'ஆஸ்பத்திரி வீடு'. தோட்டத்திலிருந்து நம்மவர் யாரையாவது வார்டில் போட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு கேட் திறக்கும்போது நம் வீட்டுச் சாப்பாட்டுக் கெரியர் அங்கே நிற்க வேண்டும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து மூன்று கெரியர் தேய்ந்திருக்கிறது. பிள்ளை பெற்ற செல்வராணிக்குப் பத்தியச் சோறு போனதும் எங்கள் வீட்டிலிருந்துதான்.

மறுநாள் பூசை முடிந்த கையோடு தெமோதரைக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் முன்னறையில் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது காலில் கட்டு. இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். சீனி வருத்தம், அதான் சர்க்கரை வியாதி. "வாங்க டீச்சர், வாங்க" என்றார் பழைய மாதிரியே. செல்வராணி தட்டில் தேத்தண்ணியும், அடுக்கி வைத்த பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். பூப் போட்ட கோப்பை. அந்த வீட்டில் நான் குசினியில் நின்று பானையிலிருந்து வழித்துத் தின்றிருக்கிறேன். எனக்கு அந்தக் கோப்பையைத் தொடவே பிடிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். மெயில் வந்ததை, திறக்காமல் அழித்ததை, எல்லாவற்றையும்.

"தலைப்புல கிளி ஜோக்குன்னு இருந்துச்சு புள்ள. அதான் தொறக்கல."

"எம் பேரு இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்னா?"

எனக்காகப் பரிந்து பேச அண்ணன்தான் முயன்றார். "விடேன். டீச்சருக்கு எவ்வளவு வேல இருக்கும்."

"நான் ஒன்னும் சொல்லலியே" என்றாள். பிறகு சொன்னாள். "மொத நாளு பன்னண்டு மணிக்கு கேட்டத் தொறந்தாங்க. ஜனம் பூராவும் கெரியரோட வருது. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். கேண்டீன்ல போய் வாங்கணும்னு தோணவே இல்ல. ஒரு மணிக்கு கேட்ட மூடிட்டாங்க. ரெண்டாவது நாளும் அப்படித்தான். மூனாவது நாளு வாங்கித் தின்னேன்."

"மொத்தம் எத்தன நாள் இருந்தீங்க?"

"ஒம்பது."

"பத்து நிமிஷம் நடந்தா வீடு. வந்திருக்கலாமே புள்ள. ஒரு போன் அடிச்சிருக்கலாமே."

"சொல்லாம இருந்திருந்தா வந்துருப்பேன்" என்றாள். "சொன்னதுக்கப்புறம் வந்து கதவத் தட்டுனா அது என்னா? பிச்ச கேக்குற மாதிரி."

யோசித்துப் பாருங்கள். அவள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. அவளைப் பொறுத்தவரை எனக்குச் செய்தி கிடைத்துவிட்டது. செய்தி கிடைத்தும் நான் வரவில்லை. ஒன்பது நாளும் காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் திரும்பி, நடுவில் என் வீட்டுத் தெரு முனையைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"மத்தவங்க?" என்று கேட்டேன். "நாப்பது பேருக்குப் போயிருக்கே."

"அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம்தான் கம்பியூட்டரப் போட்டேன். பதினேழு பேரு பதில் போட்டிருந்தாங்க. எல்லாம் பூப் படம். ஒன்னுல கரடி பொம்ம வேற."

"அவ்வளவு பூவையும் பாத்ததும் நான் போய்ச் சேந்துட்டேனாக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்துக் கடிதம்போல வருமா என்று ஆரம்பிக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் மடுல்சீமைக்கு வந்த கடிதங்களில் பாதி மழையில் ஊறி வந்தன, மீதி வரவே இல்லை. அழைத்தவர் செத்த பிறகு அவர் அனுப்பிய கலியாண அழைப்பு வந்த கூத்தெல்லாம் உண்டு. மெயில் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவள் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுவந்து என் வீட்டுக்குள் வைத்தது. மேசை வரைக்கும் வந்ததைப் பார்க்காமல் கூட்டித் தள்ளியது நான்.

ஆனால் ஒன்று. நாற்பது பேருக்குச் சேர்த்துச் சொல்லும்போது, யாராவது போயிருப்பார்கள் என்று நாற்பது பேரும் நினைக்கிறார்கள். ஒரு பூவைத் தட்டிவிட்டால் போய்ப் பார்த்த மாதிரி ஒரு நிம்மதி வேறு. பதினேழு பேரும் நல்லவர்கள்தான். அன்றைக்கு நான் அந்த மெயிலைத் திறந்திருந்தால், பதினெட்டாவது பூ என்னுடையதாக இருந்திருக்காது என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. களைப்பான நாளில் பூ சுலபம். கெரியர் கனக்கும்.

அன்று புறப்படும்போது அண்ணன், மாசா மாசம் கிளினிக் இருக்கிறது, அடுத்தது வருகிற மூன்றாவது வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார். "பகல் சாப்பாடு நம்ம வீட்ல" என்றேன்.

"பாப்போம் டீச்சர்" என்றாள் செல்வராணி. "கிளினிக் முடிய எத்தன மணியாகுமோ."

அதற்கடுத்த இரண்டு வாரமும் பத்தியில் வேறு எதையோ எழுதிச் சமாளித்தேன். இதை எழுதக் கை வரவில்லை.

போன வியாழன் லீவு போட்டேன். விடிய எழும்பிச் சமைத்தேன். சீனி வருத்தக்காரருக்கு என்று பாவக்காய், கீரை, பருப்பு; அவளுக்கு என்று கருவாட்டுக் குழம்பு. கருவாடு என்றால் அவளுக்கு உயிர். ஆஸ்பத்திரி கேட்டில் செக்யூரிட்டிக்காரர் கெரியரைத் தட்டுத் தட்டாகத் திறந்து காட்டச் சொன்னார். யுத்தமும் குண்டுமாக நாடு இருக்கிற நிலைமையில் கருவாட்டைக்கூட சந்தேகப்படத்தான் வேண்டியிருக்கிறது.

கிளினிக் வராந்தாவில் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் நகர்ந்து இடம் விட்டாள். கெரியரை நடுவில் வைத்தேன். மேல் தட்டுகளைத் திறந்து அண்ணனுக்கு அவளே எடுத்துக்கொடுத்தாள். பிறகு தன் பையிலிருந்து வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலை எடுத்துப் பிரித்தாள்.

"காலையிலேயே கட்டிட்டேன் டீச்சர். வச்சா வீணாப் போயிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டால் சமாதானமாகவும் ஒரு வழி இருக்கும். அவள் நல்ல மரியாதையாக, நிதானமாகத் தன் சோற்றைச் சாப்பிட்டாள்.

"பாவக்கா நல்லா இருக்கு டீச்சர்" என்றார் அண்ணன்.

அவள் தலையாட்டினாள். கருவாட்டுக் குழம்பு இருந்த அடித் தட்டை யாரும் திறக்கவில்லை.

அவள் கை கழுவப் போன நேரத்தில், பெஞ்சில் கிடந்த கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அடுத்த மாதமும் வியாழக்கிழமைதான் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கும் லீவு சொல்லியாயிற்று.