துரை பங்களாவுக்குக் கீழே இருந்த லயம்

ஹட்டன் பஜாரில் ஒரு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. நானும் ஒரு தோழியும்தான் முதலாளிகள், நாங்களேதான் வேலைக்காரர்கள். அவள் வெப்சைட் செய்வாள், நான் படம் எடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெப்சைட் எதற்கென்றே தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார், அதனால் தனக்கும் வேண்டும். தன் முகம் பெரிதாக வரவேண்டும், உள்ளதைவிடக் கொஞ்சம் வெள்ளையாக வரவேண்டும். அவ்வளவுதான் அவர்களுடைய ரசனை.

அவர்களுக்கெல்லாம் தலைவர் என்று ஒருவரைச் சொல்வேன். டவுனில் மூன்று தலைமுறையாகப் பலசரக்குக் கடை நடத்தும் குடும்பம். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனங்கள் மாதாமாதம் வாங்கிய அரிசியிலும் மாவிலும் வளர்ந்தவர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கியிருந்தார். அது நான் பிறந்த தோட்டம். பங்களாவுக்கு நேர் கீழே எங்கள் லயம், ஒரே தகரக் கூரையில் ஒட்டிக் கட்டிய அறை வீடுகளின் வரிசை. அதில் மூன்றாவது காம்பராவில் அம்மா இன்னும் இருக்கிறாள்.

நான் படமெடுக்கப் போன அன்று அம்மா கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டு, வாசலைக் கழுவிவிட்டு நின்றாள். வீடு படத்தில் வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் தன் வீட்டைப் படத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் குடும்பப் படங்கள் எல்லாமே டவுனில் நீலத் திரைக்கு முன்னால் எடுத்தவை.

படத்தைப் பார்த்ததும் பங்களாக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"பங்களா நல்லா வந்திருக்கு தங்கச்சி. கீழ இந்தத் தகரமெல்லாம் என்னாத்துக்கு? வெள்ளக்காரன் காசு குடுத்து லயத்தப் பாக்கவா வர்றான்? அத எடுத்துட்டுத் தேயிலையப் போடுங்க."

'எங்கள் தோட்ட மக்களின் அன்பான உபசரிப்பு' என்று வெப்சைட்டில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தவரும் இவரேதான். உபசரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு வீடு இருப்பதுதான் கண்ணை உறுத்துகிறது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்கு உதைப்பதற்கும் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து மலையிலிருந்து தேயிலையை எடுத்து எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டினேன். முழு லயமும் மறைந்து பச்சைப்பசேலென்று ஆனது. அவர் பார்த்துவிட்டு, "இதுதான் இயற்கை" என்றார். அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெப்சைட் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா ஃபோனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஆயுசு பூராவும் கொழுந்தெடுத்தவள், செடியைத்தான் முதலில் பார்த்தாள்.

"இது என்னா, செடிக்கு நெரையுமில்ல, தண்ணி போகக் கானுமில்ல. ஆளு எங்க நின்னு கொழுந்தெடுக்கும்?"

அவள் பங்களாப் படிக்கட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கினாள். எங்கள் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

"நம்ம லயத்த அழிக்கச் சொன்னது யாரு?"

"பங்களாக்காரர்."

"அந்தாளு சொல்லுவான். நீ என்னா சொன்ன?"

"நாளைக்கே முடிச்சுத் தர்றேன்னு சொன்னேன்."