இது எங்கே போகும் என்று கேட்ட அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு வேலை செய்த ஆசாரிகளுக்கும் கொத்தனார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. அப்பாதான், "நீயே எழுதும்மா, அவகூட ஓயாம போன்ல பேசினது நீதானே" என்றார். தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். எதையாவது தப்பாகச் சொல்லியிருக்கிறேனா என்று அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். அதையும் மீறிப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மரக்காணத்தில் பிறந்தார். அப்பா சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர். அம்மாவும் அங்கேயே உழைத்தார். எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும் மட்டும்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தபோது, படிக்கத் தனி அறை வேண்டும் என்று அக்கா கேட்டார். அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மாலை உப்பளத்திலிருந்து வந்த அம்மா, கூடத்துக்குள் நுழைந்ததும் பீரோவில் முட்டிக்கொண்டார். அக்கா அதைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திக் குறுக்கே நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பாய் விரித்து, ஒரு பல்பையும் தொங்கவிட்டிருந்தார்.

"ஏண்டி, வூட்டுக்குள்ள பஸ் ரூட்டையே மாத்திட்டியா?"

"ரூம் கேட்டேன், யாரும் குடுக்கல. நானே எடுத்துக்கினேன்."

"நாளைக்கு அடுப்பு எங்க இருக்கும்னு இப்பவே சொல்லிடு. வந்து தேட முடியாது."

பீரோ பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அக்காவின் முதல் இன்டீரியர் வேலை அதுதான்.

இன்டீரியர் டிசைனையே அவர் சென்னையில் படிக்கப் போனபோது, "ஜன்னலுக்குத் துணி மாட்டவா காலேஜ்?" என்று கேட்ட உறவினர்கள் இந்த மலரையும் படிப்பார்கள். அவர்களில் சிலரின் வீட்டுக்கு அக்காதான் பிறகு அலமாரி போட்டுக் கொடுத்தார். புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

அக்காவுக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரியும் வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பார். "அந்த வூட்ல டிவிய ஜன்னலுக்கு எதிர்ல வெச்சிருக்காங்க பாரு. சாயங்காலம் ஒண்ணும் தெரியாது." கிளியனூர் தாண்டுவதற்குள் பத்துப் பதினைந்து குடும்பங்களின் கதையைச் சொல்லிவிடுவார். பழைய மரக்கடைகளில் கதவுகளை முகர்ந்து பார்ப்பார். துருப்பிடித்த கீல்களைச் சேர்த்து வைப்பார். மாப்பிள்ளை போட்டோ வந்தால், மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரியும் அலமாரியைத்தான் முதலில் கவனிப்பார். எந்த இடமும் அமையவில்லை. அவர் அதற்காக வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. வருத்தமா என்று நான் கேட்டதும் இல்லை.

அவரிடம் வேலை கொடுத்த எல்லோருக்கும் ஒரு கேள்வி நினைவிருக்கும். யார் எதைப் புதிதாகக் கேட்டாலும் அக்கா பதிலுக்குக் கேட்பது அதுதான். "செஞ்சிடலாங்க. ஆனா இது அப்புறம் எங்க போவும்?" ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரை கேட்டாலும், சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் கேட்டாலும், அதைப் பிய்த்து எறியும் நாளில் அது எங்கே போகும் என்று தெரிய வேண்டும். பதில் தெரியாத பொருளை அவர் வீட்டுக்குள் எடுத்து வர மாட்டார். பழைய மரம், சுண்ணாம்பு, களிமண் ஓடு, பருத்தித் துணி, கழற்றி மறுபடி மாட்டக்கூடிய திருகாணி இவற்றோடுதான் அவர் தொழில் நடந்தது. அந்தக் கேள்வியால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு. "வீடு கட்டிக் குடி போறப்பவே குப்பைய பத்திப் பேசுறாங்க" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஓராண்டாக நான் யோசித்தது இதைத்தான். அவருடைய கல்லூரித் தோழியைக் கேட்டேன். கல்லூரிக்கு வரும்போதே இந்தக் கேள்வியோடுதான் வந்தார் என்றார். பிறகு அம்மாவைக் கேட்டேன். அம்மா, "வாய்க்கால்ல பிளாஸ்டிக் கவர் பொறுக்கினவளாச்சே அவ" என்றார்.

உண்மைதான். பாத்திக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஊர் தூக்கிப் போட்ட கவர், டம்ளர், செருப்பு எல்லாம் மிதந்து வந்து நிற்கும். மடை திறப்பதற்கு முன் அவற்றை அள்ளி வெளியே போடுவது பள்ளி விடுமுறைகளில் அக்காவின் வேலை. ஒரு முறை யாரோ திருமணத்துக்குச் செய்த தெர்மாகோல் வளைவு, பெண் மாப்பிள்ளை பெயரோடு அப்படியே வந்து மாட்டிக்கொண்டதாம். இது மட்டும்தான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே வாய்க்காலில் நானும் பொறுக்கியிருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

நான் கருவுற்றிருந்தபோது, குழந்தைக்கு ஓர் அறை அமைத்துத் தரும்படி அக்காவைக் கேட்டேன். போனில் பார்த்த படங்களையெல்லாம் அனுப்பினேன். வழக்கமான கேள்வி வந்தது. கடைசியில் பழைய கதவுப் பலகையில் ஒரு கட்டில் செய்தார். பக்கங்களைக் கழற்றினால் அது பெஞ்சு ஆகும், பிறகு படிக்கும் மேசையாகவும் ஆகும். எனக்கோ பயம். பழைய மரத்தில் பூச்சி இருக்குமா, சிராய் குத்துமா, வாயை வைத்துக் கடித்தால் என்ன ஆகும் என்று நாள் முழுக்க அவரை அழைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஏய், நீ புள்ளைக்குக் கட்டில் கேக்கறியா, எனக்குப் பரீட்சை வெக்கறியா?"

"கோவிச்சுக்காதக்கா. பயமா இருக்குது."

"பயப்படு, தப்பில்ல. நானே கடிச்சுப் பாத்துட்டேன். போதுமா?"

உண்மையாகவே கடித்துப் பார்த்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் அவருடைய பல் தடம் இருக்கிறது. என் மகளுக்கு இப்போது இரண்டு வயது. சென்ற மாதம் ஒரு பக்கத்தைக் கழற்றினோம்.

இனி ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் உப்புக் குவியல்களை மூடுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பா ஓலையோடு பழைய ஃபிளெக்ஸ் பேனர்களையும் போடுவார். ஒரு வருடம் ஒரு சினிமா பேனர் கிடைத்தது.

"அப்பா, நம்ம உப்பு மேல ஹீரோ மல்லாந்து படுத்துக்கினு இருக்காரு."

"காத்துல பறக்காம கெடந்தா சரி. ஹீரோவா இருந்தா என்ன, வில்லனா இருந்தா என்ன?"

அக்காவுக்கு ஃபிளெக்ஸ் என்றாலே ஆகாது. ஆனால் அன்று குவியலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் ஒழுங்கான எடத்துக்கு வந்து சேந்திருக்குது" என்றார். வெயில் பட்டால் ஃபிளெக்ஸ் பொடிப்பொடியாக உதிர்ந்து உப்பில் கலந்துவிடும், அதனால் அதை அடியில் விரித்து மேலே ஓலை போடுங்கள் என்றும் சொன்னார். அதுவரை அப்பா ஓலையை அடியிலும் ஃபிளெக்ஸை மேலேயும் போட்டுக்கொண்டிருந்தார்.

நோய் முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புதுச்சேரி மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், காலியான சலைன் பாட்டிலைக் காட்டி, "இதெல்லாம் எங்கடி போவும்?" என்று கேட்டார். நர்சம்மா நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அக்கா மறுபடி மறுபடி விளக்கம் கேட்டுக்கொண்டார். புரட்டாசி முடிவதற்குள் போய்விட்டார்.

அன்று தெருப் பிள்ளைகள் அன்போடு ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அக்கா தானே சுண்ணாம்பு அடித்த ஒரு சுவருக்கு முன்னால் நின்று சிரித்த படம் அது. பேனரில் அந்தச் சுவரை வெட்டி எடுத்துவிட்டு, மேகமும் தாமரையும் வைத்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதன்பிறகு யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் இருக்கிறது, குப்பையில் போட முடியாது, கிழிக்கவும் மனம் வராது. கடலில் விட்டுவிடலாம் என்று ஓர் அத்தை சொன்னபோது, "உயிரோட எழுந்து வந்துடுவா" என்றார் அம்மா. கதவைச் சாத்தினால் சுருள் கண்ணில் படும். அதனால் அப்பா கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டார். ஓராண்டாக அந்தக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது. நான் மகளோடு போகும்போதெல்லாம் அது அவள்மேல் சாய்ந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. நகர்த்தவும் கை வராது.

மழை வரப்போகிறது என்று செய்தி வந்த அன்று சித்தப்பா வீட்டுக்கு வந்தார். ஆண்டு நினைவுக்குப் புதிய ஃபிளெக்ஸ் அடிக்க அளவு கேட்டார். வேண்டாம் என்றேன்.

"ஏம்மா, ஒரு ஃபிளெக்ஸ்கூட வெக்கலன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இருக்கறதுக்கே எடம் தெரியல சித்தப்பா. புதுசா ஒண்ணு வந்தா அது எங்க போவும்?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று எனக்கு உறைத்தது. குவியல் கட்டுவதற்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

"கடைசிக் குவியலுக்கு ஒரு ஷீட்டு கொறையுது" என்றார்.

"அண்ணா, பொண்ணு மூஞ்சிய உப்பு மேல போடறதா?"

"டேய், இத்தினி வருஷம் யார் யாரோ படுத்தாங்க. இவ நம்ம வூட்டுப் பொண்ணு. வேற எங்கடா போவா?"

எனக்கு அப்போதும் ஒரு பயம். "மை உப்புல ஒட்டாதாப்பா?"

"படம் மேல பாத்து இருந்தா ஒட்டாது. அதுமேல ஓலை போட்டுடலாம். அவ சொன்ன மாதிரிதான்."

எல்லோரும் போனோம். முகத்தை யாரும் மிதிக்காதபடி ஓரமாகவே ஏறி விரித்தார்கள். கன்னத்தில் விழுந்திருந்த மடிப்பை அம்மா உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு, "அந்த மேகத்தையெல்லாம் மொதல்ல மூடுங்க" என்றார். மேகம் மூடியது, தாமரை மூடியது. கடைசி ஓலையை அப்பா வைத்தார். உப்பு மேல் போடுவதா என்று கேட்ட சித்தப்பாதான் கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டினார். மறுநாள் பிடித்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. அந்தக் குவியல் கரையவில்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன நர்சம்மாவுக்கும், பாதியில் நின்ற வேலைகளை அக்கா சொல்லியிருந்தபடியே முடித்துக் கொடுத்த ஆசாரிகளுக்கும், பேனர் வைத்த தெருப் பிள்ளைகளுக்கும், ஓலை தூக்க வந்த பக்கத்துப் பாத்திக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை அச்சடிப்பது சரிதானா என்று நிறையத் தயங்கினேன். அக்காவின் படத்தை ஒரே ஒரு தாளில் மட்டும் போட்டிருக்கிறோம், விரும்பினால் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மற்ற தாள்களின் பின்பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பால் கணக்கு எழுதலாம், பிள்ளைகள் கிறுக்கலாம். நம் ஊர் உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும் என்பதால் நூலால் தைத்திருக்கிறோம். எடைக்குப் போட்டாலும் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். இது கடைசியில் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது சொல்லுங்கள். கதவு இப்போது சாத்தியிருக்கும். தட்டுங்கள், அப்பா திறப்பார்.