தட்டு நிறைந்திருந்த நாள்

அந்தச் சுகாதார நிலையத்துக்கு டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். நர்ஸம்மா மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். ஊசியைப் பார்த்துக் குழந்தை உதட்டைப் பிதுக்கினால் அதைக் கொஞ்சமாட்டார். கூட வந்த அம்மாவைத் திட்டுவார். "பிள்ளை பேசாம இருக்கு, நீ எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?" அம்மா வாங்கிக் கட்டிக்கொள்வதை வேடிக்கை பார்க்கிற சுவாரசியத்தில் குழந்தை தன் கையை மறந்துவிடும். அதற்குள் ஊசி போட்டாகியிருக்கும்.

டாக்டருக்கும் பயப்படாத இந்த அம்மாள் ஒரே ஒருமுறை மறுபேச்சில்லாமல் ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். அதைப் பற்றிக் கேட்கத்தான் விசாரணைக் கமிஷன் இப்போது அவரைக் கூப்பிட்டிருந்தது.

தொற்று ஊரையே முடக்கிப்போட்டிருந்த காலம் அது. தடுப்பூசி வந்துவிட்டதாக அரசு நாள் தவறாமல் அறிவித்தது, தடுப்பூசிதான் வந்தபாடில்லை. கடைசியில் ஒரு பெட்டி வந்தது. அதைத் தொடங்கிவைக்க அமைச்சரே நேரில் வருகிறார் என்ற சேதியும் பின்னாலேயே வந்தது. முதல் நாள் மேடைக்கும் கேமராவுக்கும் என்று முடிவாகி, பெயர் பதிந்திருந்த ஜனங்களை மறுநாள் வரச் சொன்னார்கள்.

விழாவன்று காலையில் மேலதிகாரி போன் செய்தார். "டிவியில தட்டு நிறைஞ்சு தெரியணும்மா. எல்லாக் குப்பியையும் உடைச்சு ஊசியில ஏத்தி ரெடியா வைங்க."

திறந்த குப்பி மருந்துக்குச் சில மணி நேரம்தான் ஆயுள், அப்புறம் அது வெறும் தண்ணீர். மேலதிகாரிக்கு இது தெரியும். நர்ஸம்மாவுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சேர்ந்து செய்த தவறு என்பதால் அது வெகு நேர்த்தியாக நடந்தேறியது. தட்டு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அமைச்சர் வரவில்லை. வழியில் வேறொரு திறப்பு விழா அவரை இழுத்துக்கொண்டது. பொழுது சாயச் சாய நர்ஸம்மா பதிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்களில் பாதிப் பேர், "நாளைக்குன்னுதானே சொன்னீங்க?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். கொஞ்சம் பேர் வந்தார்கள். மீதி ஊசிகளோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் நடுரோட்டில் போய் நின்று பஸ்ஸை மறித்தார்.

"யம்மா, வண்டி லேட்டாகுது," என்றார் டிரைவர்.

"நீ சீக்கிரம் போய்ச் சேரக் கூடாதுன்னுதான் மறிக்கிறேன். சட்டையைத் தூக்கு."

டிரைவர், கண்டக்டர், பயணிகள், பஸ் ஏன் நிற்கிறது என்று பார்க்க வந்த சலூன்காரர் என்று தட்டு காலியாகிற வரைக்கும் போட்டார். ஒரு சொட்டு வீணாகவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாக அவர் வீட்டுக்குப் போன நாள் வேறில்லை.

மறுநாள் காலை, அடுத்த தெருத் தையல்காரர் தன் முறைப்படி வந்து நின்றார். முதல் நாள் மாலை போனை எடுக்காதவர்களில் அவரும் ஒருவர். மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை. "சரக்கு வந்ததும் நானே கூப்பிடறேன் அண்ணே," என்றார் நர்ஸம்மா. "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அடுத்த பெட்டி வருவதற்குள் தொற்று அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

ஆட்சியை உலுக்குகிற அளவுக்குச் சாவுகள் சேர்ந்தபிறகு கமிஷன் உட்கார்ந்தது. தையல்காரரின் மனைவி ஒரு நாள் விடாமல் வந்து கடைசி வரிசையில் இருந்தாள். பெரிய அதிகாரிகள் எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். யாரிடம் தெரிவிக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. எல்லோரும் மைக்கைப் பார்த்தே பேசினார்கள். அமைச்சர் தரப்பு வக்கீல் மட்டும் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். முறையில்லாமல் பஸ்ஸை மறித்து வழிப்போக்கர்களுக்கு ஊசியை வாரி இறைத்த கீழ்நிலை ஊழியர்களால்தான் தட்டுப்பாடு.

சாட்சி சொல்லவேண்டிய அன்று காலை நர்ஸம்மாவின் கணவர் அவருடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன். வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டு வா. உனக்கு போன் பண்ணின, அவ்வளவு பெரிய படிப்புப் படிச்ச ஆபீசருக்கே ஞாபகம் இல்லையாம், உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு ஞாபகம் இருக்கே."

"ரிட்டயர் ஆகற நேரத்துல வேலையைப் புடுங்கினா?"

"உங்ககூட வயர் இழுக்க வந்துடறேன்."

"நீ வந்தா ஷாக்கு கரண்டுக்குத்தான் அடிக்கும்," என்றார் அவர். பிறகு காலரைத் திருப்பி, ஏற்கெனவே இஸ்திரி போட்ட இடத்தையே மறுபடி தேய்த்தார். "போய் உனக்குத் தோணுறதைச் சொல்லு. நான் வெளியில வண்டியோட நிக்கிறேன்."

கமிஷனில் வக்கீல் கேட்டார், "பெயர் பதியாத ஆட்களுக்கு ஊசி போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலைங்க. கொட்டறதுக்கு மனசு வரலை."

"அப்போ அது விதிமீறல்னு ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன். தட்டு நிறைஞ்சு தெரியணும்னு எல்லாக் குப்பியையும் உடைக்கச் சொன்னாங்க. அதைத் தப்புன்னு தெரிஞ்சே செஞ்சேன். அதுதான் பெரிய மீறல். அதைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, "வேறு ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா மைக்கை விட்டு எழுந்து, கடைசி வரிசையின் பக்கம் திரும்பி நின்றார்.

"உன் வீட்டுக்காரரை அன்னிக்கு வாசல்ல வெச்சுத் திருப்பி அனுப்பினது நான்தாம்மா. அவர் வந்தப்போ என் கையில ஒண்ணும் இல்லை. முந்தின நாள் இருந்துச்சு. உடைக்க மாட்டேன்னு நான் சொல்லியிருந்தா அவருக்கும் இருந்திருக்கும். என்னை மன்னிச்சுக்கோ. உடைக்கச் சொன்னது யாரு, வராமப் போனது யாருங்கறதை இவங்க கேக்கட்டும்."

சாட்சி கமிஷனைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்று ஓர் ஊழியர் ஞாபகப்படுத்தினார். நீதிபதி அவரைக் கையமர்த்தினார். அரசாங்கம் என்கிற அந்தப் பெரிய கட்டடத்திலிருந்து அதுவரை வெளியே வந்த ஒரே மன்னிப்பு அது. மன்னிப்புக் கேட்டவருக்கோ ஒரு பஞ்சு உருண்டை வாங்கக்கூட மேலே எழுதிப்போட வேண்டும்.

இடைவேளையில் நர்ஸம்மா கடைசி வரிசைப் பக்கம் தயங்கித் தயங்கி வந்தார். தையல்காரரின் மனைவி கேட்டாள்:

"அந்த பஸ்காரங்க யாரையாவது அப்புறம் பாத்தீங்களாக்கா?"

"டிரைவர் இன்னும் அந்த ரூட்லதான் ஓட்டறார்."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். பிரேக்குதான் சரியாப் போடத் தெரியலை. எல்லாரையும் முன்சீட்ல முட்ட வெச்சுத்தான் இறக்கி விடறார்."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள்.

"உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்ல முடியலைக்கா. இருக்கு."

"இருக்கட்டும்மா."

"ஆனா இத்தனை பேர்ல நீங்கதான் என்னைப் பாத்துப் பேசினீங்க." பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க. மத்தியானம் அமைச்சரைக் கூப்பிட்டிருக்காங்களாம்."

நர்ஸம்மா உட்கார்ந்தார். "வருவாரா?"

"வரலைன்னா நாளைக்கும் வந்து உக்காருவோம்," என்றாள் அவள்.

வெளியே வண்டியோடு நிற்கிற மனிதருக்குப் போன் போட்டு, நேரமாகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நர்ஸம்மா சொன்னார்.