மேஸ்திரி ருசி பார்த்த மணல்
"…அந்த ரெண்டு பேரும் ஒங்கள ஏமாத்தப் பாக்குறாங்கக்கா. அவங்க சொன்னதுல முக்கா பங்குக்கு நான் முடிச்சுத் தர்றேன். எல்லாம் அரசலாத்து மணல், ஒரு கல் உப்பு இருக்காது" என்று எங்கள் வாசலில் நின்று அளந்துகொண்டிருந்தார், மூன்றாவதாக ரேட்டு சொல்ல வந்த மேஸ்திரி.

தையில் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்குள் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டியாக வேண்டும். கடல் மணலில் பூசிய சுவர் காரைக்காலில் நாலு மழைக்குள் உப்புப் பூத்து மாவாக உதிரும். அது புது மருமகள் தலையில் கொட்டக் கூடாதே என்பதுதான் அம்மாவின் கவலை. மேஸ்திரிக்கோ வாய்தான் முதல். காதில் பென்சில், சட்டைப்பையில் பேனா. பூச்சுக் கரணை பிடித்த கையாக மட்டும் தெரியவில்லை. முதல் இருவரும் தொகையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அவர்கள் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

அம்மா அடுத்த தெருவுக்குப் போய், அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன் கிடந்த மணலில் ஒரு பிடி அள்ளி வந்தாள்.

"ஒங்க மணல்தான் தம்பி. கொஞ்சம் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

மனிதர் அசரவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, பாயசம் ருசிப்பதுபோல் தலையாட்டினார்.

"தேனாட்டம் இருக்குக்கா."

சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் வாசலோரம் இருந்த தண்ணீர்க் குடத்தின் மேலிருந்த சொம்பை எடுத்து, தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தார்.