டாஸ் புத்தகத்தில் என் பங்குக்கு வந்த தாள்

மூன்று இரும்பு வளையங்கள் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அலுவலகத்தில் யாராவது பழைய கோப்பு ஒன்றைத் திறந்து அந்தச் சத்தம் கேட்டால்கூட எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தால்தான் ஆகும். அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது நாகர்கோவிலில், கோட்டாறு போகும் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளியில், எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, கையும் காலும் ஒரு நிமிடம் சும்மா இருக்காத வயது.

நாங்கள் அதை 'டைப்பு கிளாஸ்' என்றுதான் சொல்வோம். அதை நடத்திய தங்கையா சாருக்குத் துபாயில் இருந்த தம்பி ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தார், கூடவே அதன் புத்தகத்தையும். கம்ப்யூட்டர் சாம்பல் நிறத்தில் பெட்டியும் திரையுமாக ஒரு மூலையில் போர்வைக்குள் கிடந்தது. புத்தகம்தான் எங்கள் கண்ணைப் பறித்தது. துணி ஒட்டிய கெட்டி அட்டையில் ஓர் உறை, அந்த உறைக்குள் அதே துணியில் ஒரு கோப்பு, கோப்புக்குள் வளையங்களில் மாட்டிய வழவழப்பான தாள்கள். டாஸ் என்ற இயங்குதளத்துக்கான கையேடு அது. அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் பெட்டி, அதில் எந்தக் கட்டளையைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம். இன்றைக்கு மாதிரி கேட்டால் சொல்வதற்கு யாரும் இல்லை. மாவட்டத்தில் இன்னொரு பிரதி இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

ஏன் தைக்காமல் வளையத்தில் மாட்டியிருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. புதிய பதிப்பு வந்தால் மாறிய பக்கங்களை மட்டும் தபாலில் அனுப்புவார்களாம், பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகிக்கொள்ள வேண்டுமாம். தங்கையா சாருக்கு அது தெரியாது. கழற்ற முடிகிறது என்பது மட்டும் தெரிந்தது, அவருக்கு அது போதும்.

சார் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் பொறுப்பாளர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் முழு அதிகாரத்தையும் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால் ஆளுக்கொரு வசனத்தைப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். பண்டிகை நாளில் வரிசையாக நின்று அவரவர் வசனத்தைச் சொன்னால் அதிகாரம் முழுவதும் வந்துவிடும். கம்ப்யூட்டர் படிக்க வந்த நாங்கள் பதினேழு பேர், புத்தகம் ஒன்று. சார் யோசிக்கவே இல்லை. வளையங்களை 'டக்'கென்று திறந்தார், கட்டளைகள் அகர வரிசையில் இருந்த பகுதியை உருவினார், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்கொரு தாள், சிலருக்கு இரண்டு தாள் என்று கொடுத்தார். "வீட்டுல கொண்டு போயிப் படிங்க. ஆளுக்கு ஒண்ணு அறிஞ்சா போரும், கிளாசுக்குள்ள புஸ்தகம் முழுசும் இருக்கும் பாத்துக்கிடுங்க" என்றார். கோட்டாற்றுப் பள்ளிவாசல் தெருவிலிருந்து வரும் நூர்ஜகானுக்கு இந்த வசன வழக்கம் புதிது. என்றாலும் அவளும் தாளைப் பவ்வியமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிரேம் என்ற பையனுக்குக் கிடைத்த தாளின் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் சொல்லும் வரி. அதையும் அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்து எழுந்து நின்று ஒப்பித்தான், சாரும் "நல்லது, உக்காரு" என்றார்.

என் பங்குக்கு வந்த தாளின் முன்பக்கத்தில் வேறொரு கட்டளையின் வால் இருந்தது, பின்பக்கத்தில் 'ஃபார்மேட்' என்ற கட்டளையின் தலை. அதன் உடம்பு அடுத்த தாளில், அதாவது நூர்ஜகானிடம். இதை வைத்து எங்களுக்குள் சண்டை வந்தது. தலைப்பு என் தாளில் இருப்பதால் ஃபார்மேட் எனக்குச் சொந்தம் என்றேன் நான். ஒரு பக்கம் முழுவதும் தன்னிடம் இருப்பதால் தனக்குத்தான் சொந்தம் என்றாள் அவள். பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே 'டூ' விட்டிருந்தோம். ஒரு வாரம் ஆகியும் நான் அவள் தாளைக் கேட்கவில்லை. கேட்டால் என் தாளுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு வீம்பு.

அந்த வகுப்பில் உண்மையாகவே கம்ப்யூட்டர் தெரிந்தவள் செலின் அக்கா ஒருத்திதான். முட்டத்து மீனவக் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது, தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேர்வு முடித்துவிட்டு சாருக்கு உதவியாக இருந்தாள். எங்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால், எல்லாரும் போன பிறகு மாலை முழுவதும் பெட்டி அவளுடையது. பேசிக் என்ற மொழியில் அவளாகவே ஒரு நிரல் எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரைத் தட்டினால் நாகர்கோவில் பஸ் நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு அடுத்த பஸ் எப்போது, எந்த வழியாகப் போகும் என்று திரை சொல்லும். அதற்காக அவள் பஸ் நிலையத்தில் நோட்டும் கையுமாக நாள்கணக்கில் நின்றாள். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சுசீந்திரம், குளச்சல், கன்னியாகுமரி என்று கேட்போம். பச்சை எழுத்தில் பதில் வரும்போது ஏதோ கண்டக்டரே உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரிக் கைதட்டுவோம்.

ஆனால் அக்காவுக்கு அது விளையாட்டு இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனம் திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தது, சொந்தமாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் கொண்டுவரும்படியும் எழுதியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் அவள் போவாள். கிடைக்காவிட்டால் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். வீட்டில் பேச்சு அப்படித்தான் முடிந்திருந்தது. அந்த நிரல் மொத்தமும் இருந்தது ஒரே ஒரு 'பிளாப்பி'யில், பெட்டியோடு துபாயிலிருந்து வந்த, கறுப்பு உறை போட்ட, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மெல்லிய தட்டில். அதை அவள் வகுப்பில் வைத்துவிட்டுப் போக மாட்டாள், தினமும் முட்டத்துக்குக் கொண்டுபோய்த் தினமும் கொண்டுவருவாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல். என் பத்து நிமிடம். பெட்டியின் முகப்பில் தட்டுச் செருக இருந்த இரண்டு வாய்களில், மேல் டிரைவில் டாஸ் தட்டு, கீழ் டிரைவில் அக்காவின் தட்டு. தேங்காய்ப்பட்டணம் பஸ் நேரத்தை மாற்றிவிட்டதாக யாரோ சொன்னதால், "இன்னா வந்துருதேன் மக்கா, ஒண்ணையும் நோண்டப்பிடாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

ஒன்றையும் நோண்டாமல் பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஆகுமா? என் தாளை எடுத்து மடியில் விரித்தேன். வீட்டில் அதை எத்தனை முறை படித்தேனோ, அதில் இருந்த முதல் வாக்கியம் இப்போதும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: டிரைவில் உள்ள தட்டை டாஸ் பயன்படுத்துவதற்கு ஏற்றபடி தயார் செய்கிறது. தயார் செய்கிறது! அக்கா திங்கட்கிழமை போகிறாள். தட்டைத் தயார் செய்து கொடுத்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். கெடுதல் செய்யும் எண்ணம் ஒரு துளிகூட இல்லை, சத்தியமாக. என் கட்டளையை ஒரு தடவையாவது தட்டிப் பார்க்க வேண்டும் என்ற அரிப்புதான் நிறைய இருந்தது.

நூர்ஜகான் ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தாள். "ஏட்டி, என் தாளையும் ஒருக்கா பாத்துட்டுச் செய்யேன்."

"ஒண்ணும் வேண்டாம். இது என் தாளு."

தட்டினேன். புதிய தட்டைக் கீழ் டிரைவில் வைத்து ஏதாவது ஒரு விசையை அழுத்தும்படி திரை கேட்டது. உள்ளேதான் ஒரு தட்டு இருக்கிறதே, அது போதாதா? அழுத்திவிட்டேன். பெட்டி 'கர்ர் டக், கர்ர் டக்' என்று உழைத்தது. முடிந்ததும், இன்னொன்றையும் ஃபார்மேட் செய்யலாமா என்று மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய காரியம் செய்த பெருமையில் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தாள், தேங்காய்ப்பட்டணத்தைத் திருத்துவதற்காக நிரலை அழைத்தாள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது திரை. மறுபடி தட்டினாள். தட்டைக் கழற்றி, உறையைச் சேலையில் துடைத்து, மறுபடி போட்டாள். தட்டில் எதுவுமே இல்லை. அவள் அழவில்லை, விசைப்பலகைமேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

என்னவென்று பார்க்க வந்த சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத முட்டத்துக்கா கொண்டு போன?"

"ஆமா சார், தினமும் கொண்டு போவேன். கவர்ல சுத்தித்தான்…"

"கடக்காத்துல இரும்பே துருப்பிடிச்சுப் போவுது. இது காந்தம் பூசுன தகடு பிள்ளே. நீயே கெடுத்துக்கிட்டியே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என்ன சொல்வதென்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை. நூர்ஜகான் தன் தாளை என் கையில் வைத்தாள். மேலிருந்து மூன்றாவது வரி தடித்த எழுத்தில் இருந்தது: எச்சரிக்கை, தட்டில் ஏற்கெனவே உள்ள அனைத்தும் அழிந்துவிடும். படித்துவிட்டு அவளைப் பார்த்தேன். சொல்லு என்பதுபோல அவள் அக்கா பக்கம் கண்ணைக் காட்டினாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, ஆனால் அதோடு எங்கள் பேச்சு நின்றது. 'டூ' இல்லை இது, நிஜமாகவே நின்றுவிட்டது.

சனிக்கிழமை முழுவதும் அக்கா உட்கார்ந்து தட்டினாள். பஸ் நேரங்கள் நோட்டில் இருந்தன, நிரல் அவள் தலையில்தான் இருந்தது. பாதிதான் திரும்ப வந்தது. திங்கட்கிழமை அந்தப் பாதியோடு போனாள், அங்கே அதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருடமே கல்யாணம். எங்கள் சபையிலிருந்து ஒரு வேன் நிறையப் போனார்கள், நான் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். என் தாளைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தேன், பிறகு அது எங்கே போயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பாதிப் பேர் திருப்பித் தரவில்லை. வளையங்களில் கடைசியாக மிஞ்சியது பிரேமின் வெறுந்தாளும் இன்னும் சில தாள்களும்தான்.

இதை வைத்தே நான் பிழைக்க வந்தேன் என்பது வேடிக்கை. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் வேலை. நான் சேர்ந்தபோது அவை தைத்த புத்தகங்களாக வந்தன. பிறகு மெல்லிய ஏடாகி, குறுந்தகட்டு உறைக்குள் மடித்த ஒற்றைத் தாளாகி, ஒருநாள் அதுவும் நின்றது. இப்போது நான் எழுதுவது எதுவும் கையில் பிடிக்கக் கிடைக்காது. காலையில் எழுதியதை மாலையில் யாரோ மாற்றுகிறார்கள், பழையது எப்படி இருந்தது என்பதற்கு ஓரத்தில் ஒரு மடிப்புகூடச் சாட்சி இல்லை. எச்சரிக்கையை முதல் வரியில் போடு என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துவதைப் பார்த்து இளைஞர்கள் சிரிக்கிறார்கள். யாரும் படிக்க மாட்டார்கள் மேடம் என்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது செலின் அக்கா தக்கலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டுப் போனேன். முடி நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. டீ குடித்துக்கொண்டே முட்டத்துக்குப் போவதுண்டா என்று கேட்டேன். அவளுடைய மகள் உள்ளேயிருந்து சிரித்தாள். "அம்மைக்கு முட்டம்னாலே பயமாக்கும். மாமா வீட்டுக்குப் போனா போனைக்கூட இஞ்சயே வச்சுட்டுத்தான் போவா. அங்க அப்பா வீடு வைக்க எடம் வாங்குனாரு, அதையும் விக்க வச்சுட்டா."

"கடக்காத்து எல்லாத்தையும் தின்னுரும் மக்கா" என்றாள் அக்கா. "எனக்கு நல்லா அனுபவம் உண்டு."

டம்ளரைக் கீழே வைத்தேன். தாள், நூர்ஜகான், நான் அழுத்திய விசை, எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் தன் டம்ளரையும் கீழே வைத்தாள்.

"அப்பம் நான் கெடுக்கல்லியா?"

"இல்லக்கா. நீங்க இல்ல."

"ரெண்டு கவர் போட்டுச் சுத்திட்டுத்தான் கொண்டு போனேன், அறியுமா? பஸ்சுல மடியில வச்சுட்டுத்தான் இருப்பேன்."

"தெரியும்க்கா."

அவள் எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனாள். "மோளே, அந்த வேலைய விட்டுட்டு இஞ்ச வா. வந்து இரு" என்று மகளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "இவளுக்குச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.